பாட்டு செய்ற கம்ப்யூட்டருக்கு ரேம் எவ்வளவு வேணும்? வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுருங்க

எனக்கு இந்த ரேம் பைத்தியம் புடிச்சது ஒரு அம்மன் பாட்டுலதான். ஆடி மாசம், கோயில் கமிட்டிக்காரங்க ரெண்டு நாள்ல பாட்டு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, நான் ராத்திரி பதினோரு மணிக்கு உடுக்கையும் பம்பையும் கோரஸும் எல்லாம் அடுக்கி முடிச்சு ப்ளே பண்ணா, நடுவுல எண்ணெய்ல கடுகு போட்ட மாதிரி பட் பட்னு வெடிக்குது. லேப்டாப்ல 8 ஜிபி ரேம். விசாரிச்ச அத்தனை பேரும் யோசிக்கவே இல்லாம ஒரே பதில்தான் சொன்னாங்க, "ரேம் பத்தல தலைவா". மறுநாளே போய் இன்னொரு 8 வாங்கிட்டு வந்து போட்டேன், 16 ஆச்சு, ப்ளே பண்ணேன். கடுகு அப்படியே வெடிச்சுச்சு.

அப்பதான் உறைச்சது, நாம எல்லாரும் ரேமை ஒரு சத்து டானிக் மாதிரி நினைச்சுட்டு இருக்கோம். கம்ப்யூட்டர் சோர்ந்தா ரேம், சத்தம் உடைஞ்சா ரேம், ஃபேன் கத்துனா ரேம். ரேம் செய்ற வேலை உண்மையில ஒண்ணே ஒண்ணுதான், அது என்னன்னு புரிஞ்சா உங்களுக்கு எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு

மண்டபத்துல பின்னாடி ஒரு ஸ்டோர் ரூம் இருக்கும்ல, அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் அடுக்கி வச்சு பூட்டியிருப்பாங்க. அதுதான் உங்க ஹார்ட் டிஸ்க் இல்லன்னா எஸ்எஸ்டி. எவ்வளவு வேணா கொள்ளும், கரண்ட் போனாலும் உள்ள இருக்கிறது இருக்கும். ஆனா மாஸ்டர் ஸ்டோர் ரூமுக்குள்ள உக்காந்து சமைக்க மாட்டார், அவருக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துட்டு வந்து அடுப்பு பக்கத்துல மேடையில பரப்பி வைக்கணும், கையை நீட்டுனா கிடைக்கணும். அந்த மேடைதான் ரேம். மாஸ்டர்தான் ப்ராசஸர்.

இப்ப மேடையை ரெண்டு மடங்கு பெருசா கட்டிக் குடுத்தா மாஸ்டர் காய் வெட்டுற வேகம் கூடுமா? கூடாது. அவர் கை அதே கைதான். ஆனா மேடை ரொம்ப சின்னதா இருந்தா கதை வேற, கத்திரிக்காய் கூடையை வைக்க இடம் இல்லாம வெங்காயத்தைத் தூக்கி திரும்ப ஸ்டோர் ரூம்ல வைக்கணும், அஞ்சு நிமிஷம் கழிச்சு வெங்காயம் வேணும்னா போய் எடுத்துட்டு வரணும், கத்திரிக்காயை அங்க கொண்டு போகணும், இப்படி நடந்தே பொழுது போயிரும். கம்ப்யூட்டர்லயும் அச்சு அசலா இதுதான் நடக்குது, இதுக்குப் பேரு ஸ்வாப். ரேம் நிறைஞ்சதும் இப்போதைக்கு வேண்டாததைத் தூக்கி எஸ்எஸ்டில போட்டுட்டு, வேணும்போது திரும்ப எடுக்கும். டிடிஆர்4ங்கிற ரேம் வகையில 3200 வேக ஸ்டிக் ஒண்ணு கணக்குப்படி ஒரு செகண்டுக்கு 25 ஜிபிக்கு மேல தரும், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அரை ஜிபி சொச்சம்தான் தரும். ஸ்வாப் ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் ஏன் தவழுதுன்னு இதுலயே தெரியும்.

ஆக ரேம்ங்கிறது இடம், வேகம் இல்ல. இடம் பத்தலன்னா வேகம் செத்துரும், ஆனா தேவைக்கு மேல இடம் இருந்தா அது சும்மா காலி மேடை.

அப்ப கடுகு ஏன் வெடிச்சுச்சு?

டிஜிட்டல் சத்தம்னா வரிசையா நம்பர்கள், அவ்வளவுதான். சிடி காலத்துல இருந்து வழக்கமான கணக்கு ஒரு செகண்டுக்கு 44,100 நம்பர். நீங்க பாட்டு செய்ற சாஃப்ட்வேர் இருக்குல்ல, எஃப்எல் ஸ்டுடியோ, க்யூபேஸ், ஏபிள்டன், லாஜிக், ரீப்பர் இதெல்லாம், இதுக்குப் பொதுப் பேரு "டா" (DAW, என்னடாவுல வர்ற டா இல்ல), அது இந்த நம்பர்களை ஒவ்வொண்ணா அனுப்பாது, வாளி வாளியா அனுப்பும். அந்த வாளியோட அளவுக்குப் பேருதான் பஃபர். பஃபர் 256னு வச்சா ஒரு வாளிக்கு 256 நம்பர், அது தீர 5.8 மில்லிசெகண்ட் ஆகும், அதுக்குள்ள அடுத்த வாளி ரெடியாகி வாசல்ல நிக்கணும். பந்தியில ஒரு வரிசை சாப்பிட்டுட்டு இருக்கும்போது சாம்பார் வாளி வரலன்னா என்ன ஆகும், எல்லாரும் கையைத் தூக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சத்தத்துல அந்த சின்ன இடைவெளிதான் "பட்"னு கேக்குது.

வாளி லேட் ஆகுறது பெரும்பாலும் மாஸ்டரால, அதாவது ப்ராசஸரால. சில சமயம் வைஃபை டிரைவர் மாதிரி ஏதாவது ஒண்ணு குறுக்க வந்து மாஸ்டரை ஒரு நொடி புடிச்சு நிறுத்தும், அதனாலயும் வரும். என் கேஸ்ல என்னன்னா, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தம்பிக்கு வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணப்ப அவர் குரல் ஹெட்ஃபோன்ல லேட்டா கேக்கக் கூடாதுன்னு பஃபரை 64ல வச்சிருந்தேன், அதை மாத்தவே இல்ல. 64ன்னா ஒரு வாளிக்கு 1.45 மில்லிசெகண்ட்தான் டைம், அதுல நான் பதினாலு ட்ராக்ல தனித்தனியா ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) வேற போட்டு வச்சிருக்கேன், மாஸ்டர் என்ன பண்ணுவார் பாவம். 512க்கு மாத்துனேன், வெடி நின்னு போச்சு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாத்தா மொத்த ரேம் செலவு 6 ஜிபி சொச்சம்! பழைய 8லயே அடங்கிருக்கும். வந்த கடுப்புக்கு அளவே இல்ல. (அந்தக் காசு கடைசில வீணாகல, அது கொஞ்சம் தள்ளி வருது.)

சத்தம் உடைஞ்சா முதல்ல பஃபரையும் ப்ராசஸர் மீட்டரையும் பாருங்க. ரேமுக்கு அப்புறம் வரலாம்.

எதுதான் ரேமைத் திங்குது?

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க, ட்ராக் எண்ணிக்கையை வச்சு ரேம் கணக்குப் போடுறாங்க. ட்ராக் எண்ணிக்கையில ஒண்ணும் இல்ல, அந்த ட்ராக்குக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் விஷயம்.

நீங்க மைக் வச்சு ரெக்கார்ட் பண்ண குரலை எடுத்துக்கோங்க. 24 பிட்னா ஒரு நம்பருக்கு 3 பைட், ஒரு செகண்டுக்கு 44,100 நம்பர், ஆக 1,32,300 பைட். நாலு நிமிஷப் பாட்டுக்கு ஒரு மோனோ ட்ராக் 32 எம்பி கூட வராது. இருபது ட்ராக் ரெக்கார்ட் பண்ணாலும் மொத்தம் 635 எம்பி. அதுலயும் பெரும்பாலான டா இதை முழுசா ரேமுக்குத் தூக்காது, ஓட ஓட டிஸ்க்ல இருந்து படிச்சுக்கும். எஃப்எல் மட்டும் வழக்கமா ஆடியோ க்ளிப்பை ரேம்லயே வச்சுக்கும், வேண்டாம்னா "கீப் ஆன் டிஸ்க்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு. எப்படிப் பாத்தாலும் குரல், கிட்டார், வயலின்னு நிஜ வாத்தியத்தை ரெக்கார்ட் பண்றவங்களுக்கு ரேம் ஒரு பெரிய பிரச்சினையே இல்ல.

அடுத்து சிந்த். சிந்த்ங்கிறது ஆர்டர் குடுத்தா அப்பவே கல்லுல ஊத்துற தோசை மாதிரி. சத்தத்தை எங்கயும் சேத்து வச்சிருக்காது, நீங்க கட்டையை அழுத்துன அந்த நொடியில கணக்குப் போட்டு உருவாக்கும். அதனால அது மாஸ்டரைத்தான் வேலை வாங்கும், மேடையில பெருசா இடம் கேக்காது. எலக்ட்ரானிக் மியூசிக், ஹிப்ஹாப் பீட் பண்றவங்க பெரும்பாலும் இந்த வகை. ஆனா பேருக்கு சிந்த்னு இருந்துட்டு உள்ள ரெக்கார்ட் பண்ண சத்தத்தை மூட்டை மூட்டையா வச்சிருக்கிற ப்ளக்இன்களும் (டாவுக்குள்ள சேத்துக்கிற குட்டி சாஃப்ட்வேர்) இருக்கு, ஆம்னிஸ்ஃபியர் அப்படித்தான், அது ரேமும் கேக்கும்.

நிஜமான பகாசுரன் சாம்பிள் லைப்ரரிதான். சாம்பிள்னா இங்க ஒரு நிஜ வாத்தியத்தோட ஒரு ஸ்வரத்தை ரெக்கார்ட் பண்ண துண்டு. ஒரு பியானோவை இப்படி உருவாக்கணும்னா 88 கட்டையையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணணும். மெதுவா தொட்டா ஒரு குணம், ஓங்கி அடிச்சா வேற குணம், அதனால ஒவ்வொரு கட்டையையும் பத்து அழுத்தத்துல எடுப்பாங்க, இதுக்கு வெலாசிட்டி லேயர்னு பேரு. தாள வாத்தியத்துல இன்னொரு தொல்லை, மிருதங்கத்துல ஒரே "தொம்"மை நாலு தடவை அப்படியே திரும்பப் போட்டா மெஷின் அடிச்ச மாதிரி இருக்கும், காது உடனே கண்டுபிடிச்சிரும், அதனால அதே அடியை நாலஞ்சு தடவை தனித்தனியா எடுத்து மாத்தி மாத்திப் போடுவாங்க, அது ரவுண்ட் ராபின். சரி, பியானோவுக்கு மட்டும் கணக்குப் போடுவோம், 88 கட்டை, 10 லேயர், ஒவ்வொண்ணும் 20 செகண்ட் ஒலிக்குது, ஸ்டீரியோ, 48,000 ரேட்ல 24 பிட். 5 ஜிபியைத் தாண்டிருச்சு. ஒரே ஒரு பியானோ!

அப்ப 8 ஜிபி லேப்டாப்ல பியானோவே வாசிக்க முடியாதேன்னு நீங்க கேக்கணும். ஆனா வாசிக்க முடியுதே, எப்படி?

இலையில முதல்லயே வைக்கிற ஊறுகாய்

பந்தியில ஆள் உக்காரும்போதே இலையில உப்பு, ஊறுகாய், ஒரு இனிப்பு, பொரியல், அப்பளம் எல்லாம் இருக்கும். ஏன்? நீங்க இனிப்பை வாயில போட்டு ஒரு பொரியலைத் தொடுறதுக்குள்ள உள்ள இருந்து சாதம் வந்துரும். முழுச் சாப்பாட்டையும் ஐநூறு இலையிலயும் முதல்லயே கொட்டி வைக்க இடமும் கிடையாது, அவசியமும் கிடையாது.

சாம்பிள் ப்ளேயர் செய்றது இதேதான். ஒவ்வொரு சாம்பிளோட தலைப்பகுதியை மட்டும், 60 கிலோபைட்னு வச்சுக்கோங்களேன், ரேம்ல முன்கூட்டியே வச்சுக்கும். இதுக்கு ப்ரீலோட்னு பேரு. நம்ம பியானோ கணக்குல 60 கிலோபைட்ங்கிறது கிட்டத்தட்ட 0.2 செகண்ட் சத்தம். நீங்க கட்டையை அழுத்துனதும் அந்த 0.2 செகண்ட் ரேம்ல இருந்து உடனே ஒலிக்கும், அது முடியுறதுக்குள்ள மிச்சத்தை டிஸ்க்ல இருந்து இழுத்துட்டு வந்துரும், இதுக்கு ஸ்ட்ரீமிங்னு பேரு. இப்ப கணக்கு என்ன ஆச்சு பாருங்க, 880 சாம்பிள், தலைக்கு 60 கிலோபைட், மொத்தம் 53 எம்பி. 5 ஜிபி எங்க, 53 எம்பி எங்க! 1998ல கிகாசாம்ப்ளர்னு ஒரு சாஃப்ட்வேர் இந்த வித்தையோடதான் பேர் வாங்குச்சு, இன்னைக்கு கான்டாக்ட் உட்பட பெரிய ப்ளேயர்கள் எல்லாம் இந்த வழிதான்.

இதுல யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க், 7200 ஆர்பிஎம் டிஸ்க்னா, ஒரு சுத்து சுத்தவே 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும், அதுல முள்ளு வேற இடம் மாறி மாறி தேடணும், நீங்க பெடலை அழுத்திப் புடிச்சுட்டு முப்பது ஸ்வரம் வாசிச்சா முப்பது இடத்துக்கு ஓடணும். சாதம் வர லேட் ஆகுற மண்டபத்துல இலையில நிறைய வச்சுத்தான் சமாளிக்கணும், அதனால ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கிறவங்களுக்கு ப்ரீலோட் அதிகமா வேணும், ரேம் அதிகமா போகும். எஸ்எஸ்டில தேடுற வேலையே கிடையாதுங்கிறதால ப்ரீலோடைக் குறைச்சுக்கலாம், கான்டாக்ட்ல அதுக்கு செட்டிங்கே இருக்கு. என்னைக் கேட்டா, இன்னும் லைப்ரரியை ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கிறவங்க ரேமுக்குக் காசு போடாம முதல்ல எஸ்எஸ்டி வாங்கணும்.

இன்னொண்ணு, லைப்ரரி டிஸ்க்ல 50 ஜிபி இருக்கு, அப்ப எனக்கு 64 ஜிபி ரேம் வேணும்னு நினைக்காதீங்க. ஸ்டோர் ரூம்ல எத்தனை மூட்டை இருக்குங்கிறது வேற, இன்னைக்கு மேடைக்கு எவ்வளவு வருதுங்கிறது வேற.

அப்ப யாருக்குத்தான் ரேம் பத்தாம போகுது?

ஆர்கெஸ்ட்ரா போடுறவங்களுக்கு. அந்த இன்னொரு 8 ஜிபி வீணாகலன்னு சொன்னேன்ல, ஒரு ஃப்ரெண்டோட குறும்படத்துக்கு பிஜிஎம் பண்ணப்பதான் அது காப்பாத்துச்சு. ஸ்ட்ரிங்ஸ்ல, அதாவது வயலின் குடும்பத்துல, அஞ்சு பிரிவு. ஒவ்வொரு பிரிவுலயும் இழுத்து வாசிக்கிறது, வெட்டி வெட்டி வாசிக்கிறது, விரலால சுண்டுறது, நடுங்க வாசிக்கிறதுன்னு பாணி பாணியா தனித்தனி சாம்பிள். அது பத்தாதுன்னு ஒவ்வொரு சாம்பிளும் பக்கத்து மைக், நடு மைக், தூரத்து மைக்னு மூணு தடவை. தலைக்கு 60 கிலோபைட்தான், ஆனா தலை எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும்போது என்ன ஆகும், ஒரு லட்சம் சாம்பிளுக்கு 6 ஜிபி. அதுக்கு மேல ப்ராஸ் (ட்ரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியங்கள்), கொயர். ப்ராஜெக்ட் திறக்கவே ஒன்பது நிமிஷம் ஆச்சு, நான் போய் டீ போட்டுட்டு வந்தேன், ரேம் 14.8ல நிக்குது, மவுஸ் ஜவ்வு மாதிரி நகருது.

புது ரேம் வாங்கல, மூணு வேலை பண்ணேன். மூணு மைக்ல ரெண்டை அணைச்சேன், நடு மைக் மட்டும் போதும், படம் பாக்குற யாருக்கும் தெரியாது. அடுத்து பர்ஜ், அதாவது பாட்டுல நான் வாசிக்கவே வாசிக்காத ஸ்வரங்களை ரேம்ல இருந்து வெளிய தள்ளுறது, கான்டாக்ட்ல ரெண்டு க்ளிக். கடைசியா ஃப்ரீஸ், முடிஞ்சு போன ட்ராக்கை டா தானே ஆடியோவா மாத்தி வச்சுக்கும், அந்த வாத்தியத்தை ரேம்ல இருந்து இறக்கிரலாம், திருத்தணும்னா திரும்ப எடுத்துக்கலாம் (க்யூபேஸ்ல இறக்குறதுக்கு ஒரு டிக் இருக்கு, அதைப் போடலன்னா வாத்தியம் ரேம்லயே உக்காந்திருக்கும்). 14.8ல இருந்து 8க்கு வந்துச்சு.

பழைய ஆளுங்க "நாங்க எல்லாம் நாலு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைச்சு வேலை பாத்தோம்"னு சொல்லுவாங்க, அது பந்தா இல்ல. 32 பிட் காலத்துல 4,29,49,67,296 பைட், அதாவது 4 ஜிபிக்கு மேல முகவரியே குடுக்க முடியாது, விண்டோஸ்ல ஒரு ப்ரோக்ராமுக்கு வழக்கமா 2 ஜிபிதான். ஆர்கெஸ்ட்ராவைப் பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறதைத் தவிர வழி இல்ல. இப்ப எல்லாமே 64 பிட், அந்தப் பிரச்சினை போச்சு, ஆனா அப்ப உருவான ரேம் பயம் மட்டும் இன்னும் போகல.

உங்க நம்பரைக் கண்டுபிடிக்கிறது

யார்கிட்டயும் கேக்க வேண்டாம். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி, டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போய் "இன் யூஸ்" எவ்வளவுன்னு எழுதிக்கோங்க. அப்புறம் இதுவரை நீங்க செஞ்சதுலயே கனமான ப்ராஜெக்டைத் திறந்து, முதல்ல இருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட விட்டு, திரும்ப அதே நம்பரைப் பாருங்க. என்னோடது சும்மா இருக்கும்போது 4.2, ஒரு கனமான ப்ராஜெக்டுக்கு அப்புறம் 12.6. கழிச்சா ப்ராஜெக்ட் மட்டும் 8.4. வரவர ஆசை கூடும்ல, அதை ஒண்ணரை மடங்கு ஆக்குனா 12.6. அது கூட சும்மா இருக்கும்போது எடுத்துக்கிற 4.2, யூட்யூப்ல ட்யூட்டோரியல் ஓட விடுற ப்ரௌசருக்கு ஒரு 2. மொத்தம் 18.8. எனக்கு 16 இறுக்கம், 32 தாராளம்.

"கமிட்டட்"னு பக்கத்துலயே ஒரு நம்பர் இருக்கும், அது உங்க மொத்த ரேமை விட எப்பவும் மேலயே நின்னா ஸ்வாப் பக்கம் போயிட்டிருக்கீங்கன்னு சந்தேகப்படலாம். மேக்ல ஆக்டிவிட்டி மானிட்டர்ல மெமரி ப்ரஷர்னு ஒரு க்ராஃப், பச்சையா இருந்தா நிம்மதி, மஞ்சள் சிவப்புனு போனாத்தான் கவலை. ரேம் நிறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலே பதறாதீங்க, காலியா இருக்கிற இடத்துல சிஸ்டம் தானா பழைய ஃபைல்களை வச்சுக்கும், கேட்டா உடனே விட்டுக் குடுத்துரும்.

இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அளக்க ப்ராஜெக்டே இல்லன்னா என் அபிப்ராயம் இது. குரலும் கிட்டாரும் ஒரு பீட்டும்னா 8லயும் ஓடும், ஆனா விண்டோஸ் 11ம் ப்ரௌசருமே பாதியைத் தின்னுடும், அதனால புதுசா வாங்குறவங்க 16. சிந்த், பீட், கூட ரெண்டு மூணு நல்ல லைப்ரரினாலும் 16 போதும். தினமும் ஸ்ட்ரிங்ஸும் ப்ராஸும்தான் வேலைன்னா 32. முழு ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே டெம்ப்ளேட்ல லோட் பண்ணி வச்சுட்டு தினம் காலையில திறக்கிற ஆளுன்னா 64, அதுக்கும் மேல போறவங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்ல. "எதிர்காலத்துக்கு இருக்கட்டும்"னு 64 வாங்குறதை நான் ஒத்துக்க மாட்டேன், அதுவும் 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறுன ஏத்தத்துக்கு. அந்தக் காசுல ஒரு நல்ல மைக்கோ ஆடியோ இன்டர்ஃபேஸோ வாங்கலாம். நானே இன்னும் 16லதான் பர்ஜ் பண்ணிட்டு ஓட்டிட்டு இருக்கேன்.

வாங்குறப்ப

மேக் வாங்குறவங்க மட்டும் முதல் நாளே சரியா முடிவு பண்ணணும், எம் சீரிஸ் மேக்ல ரேம் சிப்போட சேந்தே வருது, பின்னாடி கூட்ட முடியாது. "மேக்ல 8 இருந்தா விண்டோஸ்ல 16க்கு சமம்"னு ஒரு பேச்சு உண்டு, ஆனா 5 ஜிபி சாம்பிள் எந்த கம்பெனி மெஷின்லயும் 5 ஜிபி இடம்தான் புடிக்கும். ஆப்பிளே 2024 அக்டோபர்ல மேக்புக் ஏருக்கு ஆரம்ப அளவை 16 ஆக்கிருச்சு.

விண்டோஸ் லேப்டாப்லயும் சிலதுல ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும். டாஸ்க் மேனேஜர்ல அதே மெமரி பக்கத்துல எத்தனை ஸ்லாட், எத்தனை நிறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கும், இருந்தாலும் மாடல் நம்பரை வச்சு ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க. டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்ல நுழையாது, நடு வெட்டே வேற இடத்துல இருக்கும். 16 வேணும்னா ஒரே 16ஐ விட ரெண்டு 8 நல்லது, ரெண்டு வழியாவும் டேட்டா போய் வரும். வெவ்வேற வேகத்துல ரெண்டு ஸ்டிக் போட்டா ரெண்டும் மெதுவானதோட வேகத்துலதான் ஓடும்.

நீங்களே மாத்துறதா இருந்தா சார்ஜரைக் கழட்டி, பேட்டரி கனெக்டரையும் எடுத்துட்டு, ஸ்டிக்கைச் சாய்வா சொருகி அப்புறம் கீழ அழுத்தணும். நான் முதல் தடவை பாதியிலயே விட்டுட்டேன், ஆன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன், லேப்டாப் போச்சுன்னு நினைச்சு பத்து நிமிஷம் வேர்த்துக் கொட்டிருச்சு. ரெண்டு பக்கத்துக் கிளிப்பும் "டக்"னு விழணும், அந்தச் சத்தம் கேட்டதுக்கு அப்புறம் மூடியைப் போடுங்க.